குட்டை பேரலா, நீள பேரலா: ஒரு ஏர் பிஸ்டல், இரண்டு கைகள்

எங்கள் வீட்டில் ஒரு ஏர் பிஸ்டல் வாங்கப் போகிறோம். ஒன்றுதான் வாங்க வசதி இருக்கிறது, ஆனால் சுடப் போவது இரண்டு பேர்: 46 வயதாகும் நான், 14 வயதாகும் என் அக்கா மகள். பேரல் (குழல்) குட்டையான காம்பாக்ட் மாடலா, முழு நீள மாடலா என்ற கேள்வி பொங்கல் முடிந்து தொடங்கி மே மாதக் கடைசி வரை எங்களை விடவில்லை. கிளப்பில் கேட்டால் ஆளுக்கொரு பதில். ‘நீளம் இருந்தால்தான் துல்லியம்’ என்பார் ஒருவர். ‘சின்னப் பிள்ளைக்குக் குட்டைதான், இதில் என்ன யோசனை’ என்பார் இன்னொருவர். கடைசியில் இரண்டையும் இரவல் வாங்கி, நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் மாறி மாறிச் சுட்டுப் பார்த்தோம். அதில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க கிராம் கணக்கிலேயே ஓடும் பிழைப்பு. ஞாயிறு காலை மட்டும் சுடப் போவேன். மாநில அணி, தேசிய அணி என்ற எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. மாதம் ஒரு முறை கிளப்பில் நடக்கும் 40 ஷாட் போட்டியும், அது முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து சுட்ட குறி அட்டைகளை, அதாவது கார்டுகளை, விரித்து வைத்துப் பேசும் அரை மணி நேரமும் எனக்குப் போதும். அக்கா மகள் கதை வேறு. 2024 ஜூலை 28, ஞாயிற்றுக்கிழமை, பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வாங்கியதை எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தாள். அன்றைக்கு மாலையே, “மாமா, அடுத்த வாரம் என்னையும் கூட்டிட்டுப் போங்க” என்றாள். அதிலிருந்து வந்துகொண்டிருக்கிறாள். இவ்வளவு நாளும் கிளப் பிஸ்டலில்தான் இருவரும் சுட்டோம்.

எந்தத் துப்பாக்கியைப் பற்றிப் பேசுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டர் துளைக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்போகாத ஏர் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. அடையாளச் சான்று கொடுத்து வாங்கலாம். போட்டிக்கான ஏர் பிஸ்டல் அரை கிராம் எடையுள்ள ஈய பெல்லட்டை (சிறு குண்டை) நொடிக்கு 150 மீட்டர் போல வேகத்தில் தள்ளுகிறது. கணக்குப் போட்டால் ஐந்தாறு ஜூல்தான் வரும். அதற்காக இதை விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு கண்ணைப் பறிக்க அந்த ஐந்து ஜூல் தாராளமாகப் போதும். பெல்லட் போட்டுச் சுடுவது ரேஞ்சில் மட்டும்தான், மொட்டை மாடியில் கிடையாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

வெடிமருந்துத் தோட்டா போட்டுச் சுடும் .22 பிஸ்டலுக்கு லைசென்ஸ் வேண்டும், அது வேறு உலகம். அதில் இந்தக் கேள்விக்கு இவ்வளவு இடமும் இல்லை. 25 மீட்டர் போட்டிகளில் பேரல் 153 மில்லிமீட்டரையும், குறி பார்க்க உதவும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையிலான தூரம் 220 மில்லிமீட்டரையும் தாண்டக் கூடாது என்று விதியே கட்டிப்போட்டுவிடுகிறது. 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் அப்படி இல்லை. முழு பிஸ்டலும் 420 மில்லிமீட்டர் நீளம், 200 உயரம், 50 அகலம் உள்ள பெட்டிக்குள் அடங்க வேண்டும், எடை ஒன்றரை கிலோவைத் தாண்டக் கூடாது, ட்ரிகரை அழுத்தத் தேவைப்படும் எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது. அதற்குள் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். அதனால்தான் ஸ்டெயர், மொரினி, பெய்ன்வெர்க்பாவ், வால்தர் என்று பெரிய கம்பெனிகள் ஒரே மாடலை முழு நீளத்திலும் குட்டையாகவும் செய்கின்றன. இரண்டுக்கும் வித்தியாசம் மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் நீளம், 50 முதல் 100 கிராம் எடை. கேட்கும்போது ஒன்றுமில்லாதது போல இருக்கும். ஒற்றைக் கையில் நீட்டிப் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

நீள பேரல் துல்லியமாகச் சுடும் என்பதை எடுத்துக்கொள்வோம். இதை நானும் வெகுநாள் நம்பினேன். பிஸ்டலைப் பிடிப்பானில் இறுக்கி வைத்து 10 மீட்டரில் ஐந்து ஷாட் சுட்டால், குட்டையானாலும் நீளமானாலும் ஐந்தும் ஒரே ஓட்டையில்தான் போகும். புது பிஸ்டலோடு பெட்டியில் வரும் சோதனை கார்டைப் பார்த்தாலே தெரியும். பெல்லட்டின் வேகத்தையும் கம்பெனியே வால்வில் சரிசெய்து, இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. நீள மாடலின் முனைப் பக்கம் சிறு துளைகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெல்லட்டைத் தள்ளி முடித்த காற்று அந்த வழியாக வெளியேறி, முனை எகிறுவதைக் குறைக்கும். அதாவது கண்ணுக்குத் தெரியும் பேரல் முழுவதும் பெல்லட்டை உந்துவதற்காக இல்லை. இன்னொன்றும் சொல்வார்கள்: குட்டை பேரலில் பெல்லட் சீக்கிரம் வெளியே போய்விடும், கை ஆடுவதற்கு நேரம் இருக்காது என்று. நான்கு சென்டிமீட்டரை நொடிக்கு 140 மீட்டர் வேகத்தில் கடக்க ஆகும் நேரம் ஒரு நொடியில் ஏறத்தாழ மூவாயிரத்து ஐந்நூற்றில் ஒரு பங்கு. எந்தக் கையும் அதற்குள் நல்லதும் செய்யாது, கெட்டதும் செய்யாது.

ஆக, பேரல் நீளம் பேரலுக்காக முக்கியமில்லை. அதன் மேல் உட்கார்ந்திருக்கும் சைட்டுக்காகவும், அது கையின் முன்னால் வைக்கும் எடைக்காகவும்தான் முக்கியம்.

சைட் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் உள்ள தூரத்தை சைட் ரேடியஸ் என்கிறோம். நாங்கள் இரவல் வாங்கியவற்றில் நீள மாடலில் அது 36 சென்டிமீட்டர், குட்டையில் 32. முன் சைட் நடுவிலிருந்து கால் மில்லிமீட்டர் விலகினால் 10 மீட்டரில் என்ன ஆகும்? நீளத்தில் ஷாட் சுமார் 7 மில்லிமீட்டர் விலகும், குட்டையில் 7.8. கார்டில் பத்தாம் வளையம் 11.5 மில்லிமீட்டர் விட்டம். 4.5 மில்லிமீட்டர் பெல்லட் அதன் கோட்டைத் தொட்டாலே பத்துதான். ஆக, பெல்லட்டின் மையம் நடுப்புள்ளியிலிருந்து 8 மில்லிமீட்டருக்குள் விழுந்தால் பத்து. கால் மில்லிமீட்டர் விலகலுக்கு இரண்டு பிஸ்டலிலும் பத்துதான். முன் சைட் விலகல் 0.26 மில்லிமீட்டருக்கும் 0.29 மில்லிமீட்டருக்கும் நடுவே இருக்கும்போது மட்டும் நீளத்தில் பத்தும் குட்டையில் ஒன்பதும் விழும். ஒன்பதுக்கும் எட்டுக்கும் நடுவே இதே போல இன்னொரு சிறு இடைவெளி. பட்டறையில் கால் மில்லிமீட்டர் வெள்ளிக் கம்பி பார்த்திருக்கிறேன், தலைமுடியைப் போல மூன்று நான்கு மடங்குதான் தடிமன். அதில் நூற்றில் மூன்று பங்கு மில்லிமீட்டர் என்பது எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள். 40 ஷாட்டில் இது எனக்கு ஒன்றோ இரண்டோ புள்ளி தரலாம். அதற்கு மேல் தராது.

கை முழுவதும் அப்படியே பக்கவாட்டில் ஐந்து மில்லிமீட்டர் நகர்ந்தால், இரண்டு சைட்டும் ஒரே நேராக இருக்கும் வரை ஷாட்டும் ஐந்து மில்லிமீட்டர்தான் நகரும். பிஸ்டல் குட்டையா நீளமா என்பது அதில் கணக்கே இல்லை. கை ஆட்டத்தைப் பார்த்துப் பயப்படாதே, சைட் சாய்வதைப் பார் என்று கோச்சுகள் சலிக்காமல் சொல்வது இதனால்தான்.

கணக்கு இவ்வளவுதான். ஆனால் சுடும்போது கணக்கு கண்ணுக்கு முன்னால் வருவதில்லை, ஆட்டம்தான் வருகிறது. இங்கேதான் நான் எதிர்பார்க்காத ஒன்று தெரிந்தது. மணிக்கட்டு ஒரே அளவு ஆடினாலும், நீள மாடலில் முன் சைட் பின் சைட்டின் வெட்டுக்குள் அதிக தூரம் நகர்கிறது. குட்டையில் குறைவாக நகர்கிறது. கார்டில் விழும் பிழை இரண்டுக்கும் ஒன்றே. கண்ணுக்குத் தெரியும் அளவு மட்டும் வேறு. நீள பிஸ்டல் உங்கள் பிழையைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. குட்டை அதைச் சுருக்கிக் காட்டுகிறது.

இது யாருக்கு நல்லது? என்னைப் போலச் சில வருடம் சுட்டவருக்கு, பிழை பெரிதாகத் தெரிவது உதவி. சரியில்லை என்று தெரிந்ததும் கையை இறக்கிவிட்டு மறுபடி தூக்குவேன். அக்கா மகளுக்கு அது பயம். முன் சைட் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள், ஒரு கணம் நடுவில் வந்ததும் ‘இப்போது விட்டால் போச்சு’ என்று ட்ரிகரைப் பிடுங்கிவிடுவாள். பிடுங்கினால் ஷாட் கீழே ஏழுக்கோ ஆறுக்கோ போகும். குட்டையில் ஆட்டம் சிறியதாகத் தெரிந்ததால் அவள் அவசரப்படவில்லை. அமைதியாக அழுத்தினாள். பிஸ்டல் அவளிடம் ஒரு விதத்தில் உண்மையை மறைத்தது. ஆனால் இந்தக் கட்டத்தில் அந்த மறைப்பு அவளுக்குத் தேவைப்பட்டது என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்தது எடை. மொத்த எடையை விட, அது எங்கே இருக்கிறது என்பதுதான் பெரிய விஷயம். ஒட்டடைக் குச்சியை நடுவில் பிடித்தால் விரலில் நிற்கும். அதையே அடியில் பிடித்துக் கிடைமட்டமாக நீட்டினால் மணிக்கட்டு கேட்காது. நீள மாடலில் அந்தக் கூடுதல் 60, 70 கிராமில் பெரும்பங்கு கைக்கு ஒரு சாண் முன்னால் இருக்கிறது. அதனால் முனை கொஞ்சம் கனமாக, கீழ்நோக்கி இழுப்பது போல இருக்கும். பலமான கைக்கு இது வரம். கழைக்கூத்தாடி கயிற்றில் நடக்கும்போது எதற்காக அவ்வளவு நீளக் கழியைக் குறுக்கே ஏந்துகிறார்? எடை இரண்டு பக்கமும் தள்ளி இருந்தால் சட்டென்று சாயாது. அதே காரணம்தான் இங்கேயும். முன்னால் எடை இருந்தால் சின்னச் சின்ன நடுக்கம் அடங்கும், ட்ரிகரை அழுத்தும்போது முனை சுலபத்தில் பக்கவாட்டில் போகாது. ஆனால் அந்தக் கழியைத் தூக்கிப் பிடிக்கத் தோளில் வலு வேண்டும். 60 ஷாட் போட்டியில் சைட்டர் ஷாட்டுகள் (கணக்கில் சேராத முன்சோதனை ஷாட்டுகள்), பாதியில் இறக்கிவிடும் ஷாட்டுகள் எல்லாம் சேர்த்தால் கையை நூறு தடவைக்குக் குறையாமல் தூக்குகிறோம். எழுபதாவது தடவைக்கு மேல்தான் அந்த முனை எடை பேச ஆரம்பிக்கும்.

சரி, சுட்டுப் பார்த்த கதைக்கு வருகிறேன். நீள மாடல் கிளப் நண்பர் ஒருவருடையது, குட்டை சென்னையிலிருந்து வந்த இன்னொருவருடையது. மே மாதம். எங்கள் ரேஞ்சுக்குத் தகரக் கூரை. காலை ஒன்பது மணிக்கே உள்ளே அடுப்படி போல இருக்கும். நான்கு ஞாயிறும் ஆளுக்கு 40 ஷாட், வாரம் மாற்றி வாரம் பிஸ்டலை மாற்றிக்கொண்டோம்.

என் எண்ணிக்கை, 400க்கு, நீளத்தில் 362, 360. குட்டையில் முதல் முறை 355. கை லேசாக இருந்ததால் ட்ரிகர் அழுத்தும்போது முனை இடப் பக்கம் துள்ளியது. கார்டில் பாதி ஒன்பதுகள் இடது பக்கம். நான்காவது ஞாயிறு, குட்டை பிஸ்டலின் பேரலுக்குக் கீழே மாட்டும் சின்ன எடையைப் போட்டுச் சுட்டேன். 361 வந்தது. இந்த ஒரு மாற்றம்தான் எங்கள் முடிவைத் திருப்பியது என்று சொல்லலாம்.

அக்கா மகளின் மொத்தத்தை மட்டும் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது: நீளத்தில் 319, 322, குட்டையில் 327, 329. பத்துப் பத்து ஷாட்டாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. நீள பிஸ்டலில் அவளுடைய முதல் பத்து ஷாட்டுகள் குட்டையில் சுட்டதை விட நன்றாக இருந்தன. ஒரு முறை முதல் பத்தில் 87 எடுத்தாள், அதுவரை அவள் எடுத்ததிலேயே அதிகம். கடைசிப் பத்தில் 72. கார்டைக் கையில் எடுத்துப் பார்த்தால், ஓட்டைகள் நடுவிலிருந்து கீழ் நோக்கி மழைநீர் வழிந்தது போல இறங்கியிருந்தன. தோள் களைத்துவிட்டது. அதைச் சமாளிக்க இடுப்பைப் பின்னால் வளைத்து, முழங்கையை லேசாக மடக்கி நின்றாள். நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அவளுக்கே அது தெரியவில்லை. “கை வலிக்குதா கண்ணு?” என்று கேட்டால் “இல்ல மாமா, சும்மாதான்” என்பாள். குட்டையில் முதல் பத்து 83, கடைசிப் பத்து 81. நின்ற நிலை கடைசி வரை மாறவில்லை.

புள்ளிக் கணக்கை விட எனக்கு அந்த வளைந்த இடுப்புதான் உறுத்தியது. தவறான நிலை ஒரு தடவை உடம்பில் ஊறிவிட்டால் அதைக் கழற்றுவது புதிதாகக் கற்பதை விடக் கஷ்டம். பட்டறைக்கு வரும் பையன்களிடம் இதைப் பார்த்திருக்கிறேன். முதல் மாதம் அரத்தைத் தப்பாகப் பிடித்தவன் பத்து வருடம் கழித்தும் களைப்பு வந்தால் அதே பிடிக்குப் போவான்.

நடுவில் ஒரு வாரம் பள்ளி விடுமுறைக்கு ஏற்காட்டில் இரண்டு நாள் தங்கினோம். பிஸ்டல் பெட்டியையும் கொண்டுபோனோம், பெல்லட் கொண்டுபோகவில்லை. அறைக்குள் வெற்றுச் சுவரைப் பார்த்து டிரை ஃபயர் மட்டும்: தூக்குவது, சைட்டைப் பார்ப்பது, ட்ரிகரை அழுத்துவது, கொஞ்ச நேரம் அப்படியே நிற்பது. நீள பிஸ்டல்தான் கையில் இருந்தது. கோரிமேட்டில் வியர்த்து வழிந்துகொண்டிருந்தவர்கள் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரத்துக்குப் போனதும் ஸ்வெட்டர் தேடினோம். அந்தக் குளிரில் அவள் ஐம்பது தடவை தூக்கினாள், இடுப்பு வளையவில்லை. கீழே தகரக் கூரைக்கடியில் முப்பதிலேயே வளைந்த அதே பிள்ளை. கையில் ஈரம் இல்லாததால் கிரிப்பை (கைப்பிடியை) இறுக்கிப் பிடிக்க வேண்டிய தேவை அவளுக்கு இல்லை, இறுக்காததால் களைப்பும் இல்லை. இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. கடையில் ஏசி அறையில் ஐந்து நிமிடம் தூக்கிப் பார்த்து எடை சரி என்று சொல்லிவிடாதீர்கள். நீங்கள் சுடப்போகும் ரேஞ்சில், சுடப்போகும் நேரத்தில், அறுபதாவது தடவை தூக்கும்போது எப்படி இருக்கிறது என்று பாருங்கள். சேலத்து வெயிலில் 70 கிராம் என்பது ஏற்காட்டு 70 கிராம் இல்லை.

கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை, என் வயதுக்காரர்களுக்காக. குட்டை பிஸ்டலில் முன் சைட் கண்ணுக்கு நான்கு சென்டிமீட்டர் கிட்டத்தில் வருகிறது, வெள்ளெழுத்து வந்தவருக்கு மங்கலாகத் தெரியும் என்று பயமுறுத்துவார்கள். முன் சைட் கண்ணிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருந்தால் கண்ணுக்கு வேண்டிய பவர் ஒரு டயாப்டர். 96 சென்டிமீட்டரில் இருந்தால் 1.04. கண்ணாடிக் கடையில் பவரே கால் கால் டயாப்டராகத்தான் ஏறும். ஆகவே இந்த நான்கு சென்டிமீட்டரைப் பற்றிக் கவலை வேண்டாம். கையை நீட்டி நிற்கும்போது கண்ணிலிருந்து முன் சைட் வரை ஒருவரை அளக்கச் சொல்லி, அந்த தூரத்தைக் கண் மருத்துவரிடம் சொல்லி கண்ணாடி வாங்குங்கள். நான் அப்படித்தான் செய்தேன். இரண்டு பிஸ்டலிலும் சைட் ஒரே தெளிவு. பாரிஸில் 51 வயதில் கலப்பு அணிப் போட்டியில் வெள்ளி வாங்கிய துருக்கி வீரர் யூசுஃப் டிகெச் சாதாரண மூக்குக் கண்ணாடியோடுதான் நின்றார்.

குட்டையில் முன் சைட் கொஞ்சம் அகலமாகத் தெரியும் என்பது உண்மை. பின் சைட்டின் வெட்டை ஒரு ஸ்க்ரூ திருப்பில் விரித்துக்கொண்டால் இரண்டு பக்கமும் வெளிச்சக் கோடு திரும்ப வந்துவிடும்.

காற்றுச் சிலிண்டர் குட்டை மாடலில் சிறியது. 200 பார் அழுத்தத்தில் ஒரு தடவை நிரப்பினால் ஒரு போட்டிக்கு இரண்டிலுமே போதும். பயிற்சி நாளில் குட்டையை அடிக்கடி நிரப்ப வேண்டியிருக்கும், அவ்வளவுதான். பழைய பிஸ்டல் வாங்குபவர்கள் பேரலைப் பார்க்கும் முன் சிலிண்டரைப் பாருங்கள். அதில் தயாரித்த தேதி பொறித்திருக்கும். பத்து வருடத்துக்கு மேல் அதைப் போட்டியில் பயன்படுத்த விதி இடம் தராது, பாதுகாப்பும் இல்லை. எங்களுக்கு ஒருவர் காட்டிய பழைய நீள மாடல் விலையில் நல்ல லாபமாகத் தெரிந்தது. தேதியைப் பார்த்தால் இன்னும் ஒரே வருடம்தான். புதுச் சிலிண்டர் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்று கணக்குப் போட்டதும் விட்டுவிட்டோம். ட்ரிகரும் அப்படித்தான் யோசிக்க வேண்டியது. மின்னணு ட்ரிகர் அருமையாக இருக்கும். ஆனால் டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021இல், தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் பிஸ்டல் பழுதாகி, நேரம் போய், 575 எடுத்தும் இறுதிச் சுற்றுக்குள் வர முடியாமல் போனதை என்னால் மறக்க முடியவில்லை. அவருக்குப் பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். சேலத்தில் எங்களுக்கு பழுது பார்க்க யாரும் இல்லை. அதனால் இயந்திர ட்ரிகர் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டோம்.

இவ்வளவையும் விட, வாங்குபவர்கள் குறைவாக யோசிக்கும் ஒன்று இருக்கிறது: கிரிப். மரக் கிரிப் சிறியது, நடுத்தரம், பெரியது என்று அளவுகளில் வருகிறது. அளவு பொருந்தாத கிரிப்பில் உலகத்தின் எந்த பேரலும் உதவாது. இரவல் வாங்கிய நீள மாடலின் கிரிப் என் கைக்கு அளவானது. அக்கா மகளுக்கு விரல் நுனி மட்டுமே ட்ரிகரை எட்டியது. அவளுடைய மோசமான ஷாட்டுகளில் எத்தனை பேரலால் வந்தவை, எத்தனை கிரிப்பால் வந்தவை என்று என்னால் முழுசாகப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் கடைசிப் பத்தின் சரிவு கிரிப்பால் வந்ததில்லை. அப்படியென்றால் முதல் பத்தே கெட்டிருக்க வேண்டும். ஒரே பிஸ்டலுக்கு இரண்டு கிரிப் வாங்கி, ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். இரண்டு பேர் ஒரு பிஸ்டலைச் சுட இதுதான் வழி. மாற்றியதும் சில ஷாட்டுகள் சைட்டைச் சரிபார்க்கச் செலவாகும், அது பரவாயில்லை.

எங்கள் கோச் நீளத்துக்குத்தான் ஓட்டுப் போட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. “ரெண்டு வருஷத்துல பாப்பா வளர்ந்துடும், தோளும் ஏறிடும். அப்ப குட்டையை என்ன பண்ணுவீங்க? வளரப் போற அளவுக்கு வாங்குங்க” என்றார். பள்ளிச் சீருடை வாங்கும்போது நாம் எல்லோரும் செய்வதுதான் அது. ஆனால் ஒரு அளவு பெரிய சட்டையைப் போட்டால் முதுகு வளையாது. பெரிய பிஸ்டலைப் பிடித்தால் வளைகிறது. அவளுடைய இந்த இரண்டு வருடம்தான் நிலை, மூச்சு, ட்ரிகர் எல்லாம் உடம்பில் படியும் காலம். அப்புறம், குட்டையில் எடையைச் சேர்க்க வழி இருக்கிறது என்பதை நானே சுட்டுப் பார்த்துவிட்டேன். 40 கிராம், 60 கிராம் என்று கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் ஏற்றிக்கொண்டே போகலாம். நீளத்திலிருந்து அப்படிக் குறைத்துக்கொண்டு வர முடியாது. பேரலை யாரும் அறுக்க மாட்டார்கள். சைட் ரேடியஸில் நான் இழப்பது 40 ஷாட்டுக்கு ஒரு புள்ளி, இரண்டு புள்ளி. கிளப் போட்டியில் அந்த இரண்டு புள்ளியை நான் சந்தோஷமாகக் கொடுத்துவிடுவேன். இதை அவரிடம் சொன்னபோது, எடை போட்டு நான் சுட்ட கார்டை வாங்கி வெகுநேரம் பார்த்தார். “சரி, எடையைப் பத்துப் பத்து கிராமா ஏத்துங்க, ஒரே நாள்ல ஏத்திடாதீங்க” என்று மட்டும் சொன்னார்.

வயது வந்த ஒருவர் தனக்கு மட்டும் வாங்குவதாக இருந்தால், தோளில் வலி எதுவும் இல்லாவிட்டால், யோசிக்காமல் முழு நீளத்தை வாங்கலாம். நான் தனியாக இருந்திருந்தால் அதைத்தான் வாங்கியிருப்பேன். கை நீளம் குறைவானவர்கள், மணிக்கட்டு மெலிந்தவர்கள், தோள் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு திரும்பி வருபவர்கள், பதினாறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் எல்லோருக்கும் குட்டை. பிள்ளையும் பெரியவரும் பகிர்ந்து சுடுவதாக இருந்தாலும் குட்டைதான், எடையோடு சேர்த்து.

போன வாரம் முன்பணம் கட்டினோம். குட்டை மாடல், இயந்திர ட்ரிகர், சிறிய கிரிப் ஒன்று, நடுத்தரக் கிரிப் ஒன்று, பேரலில் மாட்ட மூன்று எடைகள். வந்து சேரச் சில மாதம் ஆகும். கிரிப் அளவுக்காகக் கையை வெள்ளைத் தாளில் பதித்து, சுற்றிப் பென்சிலால் வரைந்து அனுப்பச் சொன்னார்கள். பட்டறை மேசையில் தாளை விரித்து அவள் வலது கையை வைக்கச் சொல்லி, நானே விரல் விரலாக வரைந்தேன். வரைந்து முடித்ததும் அவள் பென்சிலை வாங்கி, உள்ளங்கைக்குள் அன்றைய தேதியை எழுதினாள். “வர்றதுக்குள்ள கை வளர்ந்துட்டா என்ன மாமா பண்றது?” என்று கேட்டாள். அப்போது நடுத்தரக் கிரிப்பை அவள் எடுத்துக்கொள்ள வேண்டும், நான் எனக்கு ஒன்றை மரத்தில் செதுக்கிக்கொள்வேன் என்றேன். அரம் என்னிடம் இருக்கிறது.